இறங்காமல் திரும்பிப் போன விமானம்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காலைக் காபியோடு உட்கார்ந்தால் முடித்துவிடலாம். என் பழைய மாணவர்கள் மட்டும் பாதியில் எழுந்து போகக் கூடாது. வருகைப் பதிவேடு இன்னும் என் கையில்தான் இருக்கிறது.

2018 போகியன்று நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். பொங்கலுக்காகக் கோவையிலிருந்து குரோம்பேட்டையில் உள்ள மகன் வீட்டுக்கு வந்திருந்தேன். அதிகாலை மொட்டை மாடிக்குப் போனால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை. மார்கழிப் பனி ஒரு பக்கம், தெருவுக்குத் தெரு பாய், பழந்துணி, டயர் எரித்த புகை மறு பக்கம். குளிர்காலத்து விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். மேலே மூடி போட்ட மாதிரி. புகை மேலே போக வழியில்லை. புகைத் துகள் ஒவ்வொன்றின் மேலும் ஈரம் ஒட்டிக்கொண்டு பனி இன்னும் தடிக்கும்.

அன்று காலை டெல்லியிலிருந்து மகளும் பேரனும் வரவேண்டும். விமானம் சென்னைக்கு மேலே வந்து சிலமுறை சுற்றிவிட்டுப் பெங்களூருக்குப் போய்விட்டது. அன்று அப்படித் திரும்பிப் போன விமானங்கள் பல. மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"டெல்லிப் பனியிலயே கெளம்பி வந்துட்டீங்க. இந்தப் போகிப் பொகையில எறங்க முடியாதா? என்ன பைலட்டோ அவன்!"

"அப்பா, அவருக்கு ரன்வே தெரியலைனு சொன்னாரு. தெரியாமயே எறங்கியிருக்கணும்கறீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்திலிருந்து பேரன், "அப்புச்சி, நாங்க ரெண்டு ஊர் பாத்துட்டோம்!" என்று கத்தினான். மாலைக்குள் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் மகளின் கேள்வி என்னை விடவில்லை. 33 வருடம் இயற்பியல் பாடம் நடத்தியவன் நான். மின்காந்த அலை, பண்பேற்றம், எல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். கண் தெரியாதபோது விமானம் எப்படி இறங்குகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அதைத் தேடிப் படிக்கப் போய், 17 வயதில் என் வீட்டில் கேட்ட ஒரு கேள்விக்கும் விடை கிடைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. பேரப் பிள்ளையைச் சுழலும் நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணைக் கட்டுங்கள். ஒரே வேகத்தில் மெதுவாகச் சுற்றுங்கள். முதலில் "சுத்துது" என்பான். கொஞ்ச நேரத்தில் "நின்னு போச்சு" என்பான். நாற்காலி அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பிறகு நிறுத்துங்கள். "இப்ப அந்தப் பக்கமா சுத்துது" என்று எதிர்ப் பக்கம் கையைக் காட்டுவான்.

காரணம் நம் உட்செவியில் உள்ள மூன்று அரைவட்டக் குழல்கள். அவற்றில் உள்ள திரவம், வேகம் மாறும்போதுதான் நமக்குச் செய்தி சொல்லும். ஒரே சீராகச் சுழன்றால் திரவமும் கூடவே சுழன்று அமைதியாகிவிடும். உடம்பு "நேராக இருக்கிறோம்" என்று சத்தியம் செய்யும்.

மேகத்துக்குள் போன விமானிக்கு நடந்தது இதுதான். விமானம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும். அவர் நேராகப் போவதாக நம்புவார். உயரம் குறைவதைப் பார்த்து மூக்கைத் தூக்குவார். சாய்ந்த விமானத்தில் மூக்கைத் தூக்கினால் சுழல் இன்னும் இறுகும். ஆரம்ப காலத்தில் திறமையான விமானிகள் பலர் இப்படித்தான் இறந்தார்கள். மூடுபனியில் பறக்க 'உள்ளுணர்வு' இருந்தால் போதும் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள்.

1926-இல் அமெரிக்க ராணுவ விமானி வில்லியம் ஆக்கரை, டேவிட் மையர்ஸ் என்ற மருத்துவர் இதே போன்ற நாற்காலியில் சுற்றிப் பார்த்தார். அனுபவசாலியான ஆக்கரும் பேரப் பிள்ளை மாதிரியே தப்பாகத்தான் சொன்னார். பிறகு அவர் திரும்பும் திசையைக் காட்டும் சுழல்மானிக் கருவி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னார். உடம்பு சொல்வதை நம்பாதே, கருவி சொல்வதை நம்பு என்பதுதான் இந்த வரலாற்றின் முதல் பாடம். சொல்ல எளிது. உடம்பு முழுக்க "தப்பு, தப்பு" என்று அலறும்போது முள்ளை நம்பிக் கையை அசைக்காமல் இருப்பது எளிதல்ல.

அடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: 24 செப்டம்பர் 1929. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் மிட்செல் ஃபீல்ட் என்ற விமானத்தளம். ஜிம்மி டூலிட்டில் என்ற ராணுவ விமானி இரண்டு இருக்கை கொண்ட ஒரு பயிற்சி விமானத்தின் பின் இருக்கையில் ஏறினார். அவர் தலைக்கு மேல் துணிக் கூண்டை இழுத்து மூடினார்கள். வெளியே ஒரு துளி வெளிச்சம்கூடத் தெரியாது. அப்படியே மேலே கிளம்பினார், சுற்றி வந்தார், இறங்கினார். மொத்தம் 15 நிமிடம். முன் இருக்கையில் ஆபத்துக்கு உதவ பென் கெல்சி என்ற இன்னொரு விமானி இருந்தார். தான் எதையும் தொடவில்லை என்று கீழே நிற்பவர்களுக்குத் தெரிய, அவர் கைகளை வெளியே காட்டிக்கொண்டிருந்தார்.

டூலிட்டில் வெறும் சாகசக்காரர் அல்ல. எம்.ஐ.டி.யில் வானூர்தியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவர் முன்னால் இருந்த முக்கியக் கருவிகள் மூன்று. ஒன்று, ஸ்பெர்ரி நிறுவனத்தின் செயற்கை அடிவானம். வேகமாகச் சுழலும் பம்பரம் தன் அச்சை விட்டு நகராது என்ற தத்துவத்தில் வேலை செய்வது. வெளியே அடிவானம் தெரியாவிட்டாலும் உள்ளே ஒரு கோடாகக் காட்டும். இரண்டு, ஜெர்மனியிலிருந்து குடியேறிய பால் கோல்ஸ்மன் செய்த நுட்பமான உயரமானி. அதுவரை இருந்தவை, மலை உயரத்தைக் காட்டும். மாடி உயரத்தைக் காட்டாது. மூன்று, தரையிலிருந்து வரும் வானொலிச் சமிக்ஞைக்கு ஏற்ப அதிரும் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள். இரண்டும் ஒரே அளவு அதிர்ந்தால் பாதையில் இருக்கிறோம். ஒன்று கூடினால் அந்தப் பக்கம் விலகிவிட்டோம்.

நண்பர்களே, கண் தெரியாமல் இறங்க என்னென்ன தெரிய வேண்டும் என்று இதிலிருந்தே புரியும். விமானம் நேராக இருக்கிறதா? எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? எந்தத் திசையில் போகிறது? இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் காப்பாற்றாது. இதை மனதில் வையுங்கள்.

அடுத்து ஜெர்மனி. 1930-களில் லோரன்ஸ் என்ற நிறுவனம் ஓர் அருமையான ஏற்பாட்டைச் செய்தது. ஓடுபாதையின் நேர்கோட்டில் இரண்டு வானொலிக் கற்றைகள், ஒன்றின் ஓரம் மற்றொன்றின் மேல் படும்படி. ஒரு பக்கக் கற்றை புள்ளி ஒலிகளை அனுப்பும். மறு பக்கக் கற்றை கோடு ஒலிகளை அனுப்பும். புள்ளி கேட்டால் ஒரு பக்கம் விலகிவிட்டோம், கோடு கேட்டால் மறு பக்கம். நடுவில் வந்தால் புள்ளியின் இடைவெளியைக் கோடு நிரப்பி, ஒரே நீண்ட ஒலியாகக் கேட்கும். கண் தெரியாதவர் சுவரைத் தொட்டுக்கொண்டே நடப்பது போல, விமானி அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டே வரலாம்.

பயணிகளைக் காப்பாற்ற வந்த இந்தக் கருவி போரில் வேறு வேலைக்குப் போனது. 1940-இல் ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள் இரவில் இங்கிலாந்து நகரங்களைக் கண்டுபிடிக்க இதே கற்றையைப் பெரிதாக்கிப் பயன்படுத்தின. வீழ்த்தப்பட்ட ஒரு ஜெர்மன் விமானத்தில் இருந்த லோரன்ஸ் வாங்கி, வெறும் தரையிறக்கத்துக்குத் தேவையானதைவிட அதிகக் கூர்மையாக இருந்தது. ஏன் இவ்வளவு கூர்மை என்ற கேள்வி ஆர்.வி. ஜோன்ஸ் என்ற 28 வயது இயற்பியலாளரின் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. அவர் சர்ச்சிலிடமே போய் விளக்கினார். இங்கிலாந்து அந்தக் கற்றைகளைக் குழப்பக் கற்றுக்கொண்டது.

ஆனால் இங்கிலாந்தின் விமானங்களே வீட்டுக்குத் திரும்பும்போது பட்ட பாடு வேறு. 1943 டிசம்பர் 16 இரவு பெர்லின் மேல் குண்டு வீசப் போன லான்காஸ்டர் விமானங்களில் 25 திரும்பி வரவில்லை. மீதி திரும்பி வந்தபோது சொந்த ஊரின் மேல் தாழ்ந்த மேகமும் மூடுபனியும். தளங்களைத் தேடித் தேடி, எரிபொருள் தீர்ந்து, மோதியும், ஆட்கள் குதித்துக் கைவிட்டும் ஏறத்தாழ 30 விமானங்கள் அழிந்தன. எதிரி வீழ்த்தியதைவிட வீட்டு வாசலில் விழுந்தவை அதிகம். அவற்றில் இருந்தவர்கள் பெரும்பாலும் இருபது வயதைத் தொட்ட பையன்கள். என் பிளஸ் டூ மாணவர்களைவிட மூன்று நான்கு வயதுதான் கூட.

அதற்கு அவர்கள் கையாண்ட வைத்தியம் கேட்டால் சிரிப்பீர்கள். பனியை எரித்தார்கள்! ஓடுபாதையின் இரு பக்கமும் நீளமாகக் குழாய் போட்டு, துளைகள் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சிக் கொளுத்தினார்கள். சூட்டில் காற்று வெதுவெதுப்பாகி, பனித்துளிகள் ஆவியாகி, ஓடுபாதைக்கு மேலே ஒரு சுரங்கம் போல வழி திறக்கும். ஃபைடோ என்று பெயர். மணிக்கு லட்சம் கேலன் வரை பெட்ரோல் குடிக்கும். பிரிட்டனில் 15 தளங்களில் இது இருந்தது. போர் முடிவதற்குள் சுமார் 2,500 விமானங்கள் அந்த நெருப்பு வரிசைகளுக்கு நடுவே இறங்கின. நாம் போகியன்று நெருப்பு வைத்து விமானங்களை விரட்டுகிறோம். அவர்கள் நெருப்பு வைத்து விமானங்களை வரவழைத்தார்கள். போருக்குப் பிறகு அந்தச் செலவு யாருக்கும் கட்டுப்படியாகவில்லை.

அந்தச் சமயத்தில் இரண்டு வழிகள் போட்டி போட்டன. ஒன்று, தரையிலிருந்து ரேடாரில் விமானத்தைப் பார்த்துக்கொண்டே ஒருவர் விமானிக்கு வழி சொல்வது. "கொஞ்சம் இடது பக்கம், இறங்கும் வேகத்தைக் குறையுங்கள்" என்று கடைசி வரை பேசியே இறக்கிவிடுவார். இதைக் கண்டுபிடித்தவர் லூயிஸ் ஆல்வரெஸ். பின்னால் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றவர். பிரிட்டிஷ் விமானப்படையில் இந்தக் கருவியோடு வேலை பார்த்த இளம் அதிகாரி ஆர்தர் சி. கிளார்க். ஆம், 1956-இல் இலங்கைக்குக் குடிவந்து கடைசி வரை அங்கேயே வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர்தான். இந்த அனுபவத்தை வைத்து 1963-இல் ஒரு நாவலும் எழுதினார். 1948-49இல் பெர்லின் நகரம் முற்றுகையிடப்பட்டபோது வான்வழியாக உணவும் நிலக்கரியும் போய்ச் சேர்ந்ததில் இந்த முறைக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டாவது வழி ஐ.எல்.எஸ். இன்றும் உலகமெங்கும் இருப்பது இதுதான். 1938 ஜனவரி 26-இல் வாஷிங்டனிலிருந்து வந்த ஒரு பயணிகள் விமானம் பிட்ஸ்பர்கில் பனிப்புயலில் இதை மட்டுமே நம்பி இறங்கியது. 1949-இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இதை உலகுக்கே பொதுவான முறையாக ஏற்றது.

தத்துவம் லோரன்ஸ் மாதிரிதான்; ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். ஓடுபாதையின் மறுகோடியில் ஓர் ஆன்டெனா. அது அனுப்பும் அலையில் இடது பக்கம் 90 ஹெர்ட்ஸ் பண்பேற்றம் மேலோங்கியிருக்கும். வலது பக்கம் 150 ஹெர்ட்ஸ். இரண்டும் சமமாக வந்தால் விமானம் நடுக்கோட்டில் இருக்கிறது. இதுவரை லோரன்ஸ். இதோடு விமானம் தரைதொடும் இடத்துக்குப் பக்கத்தில் இன்னோர் ஆன்டெனா. அது இதே வேலையை மேலும் கீழுமாகச் செய்யும். மேலே 90, கீழே 150. இரண்டும் சமமாகும் இடம், தரையோடு சுமார் 3 டிகிரி கோணத்தில் ஒரு சரிவுப் பாதை. விமானியின் கருவியில் இரண்டு முட்கள்: ஒன்று நெடுக்கு, ஒன்று குறுக்கு. இரண்டும் நடுவில் சிலுவை போட்டால் சரியான பாதையில் இறங்குகிறோம்.

டேன் 3 டிகிரி எவ்வளவு? லாகரிதம் புத்தகத்தை எடுக்க வேண்டாம், 0.0524. அதாவது தரைதொடும் புள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 52 மீட்டர் உயரம். பத்தாம் வகுப்பில் "இதெல்லாம் வாழ்க்கையில எதுக்கு சார்?" என்று கேட்டவர்கள் கவனிக்கவும். நீங்கள் ஒவ்வொரு முறை விமானத்தில் பத்திரமாக இறங்கும்போதும் ஒரு முக்கோணவியல் கணக்கு சரியாக முடிந்திருக்கிறது.

திசையோடு சேர்த்து உயரத்தையும் தொடர்ந்து சொல்வதுதான் ஐ.எல்.எஸ்.ஸின் உயிர்.

இருந்தாலும் அது கடைசி வரை கொண்டுவிடாது. தரையை நெருங்க நெருங்கச் சரிவுக் கற்றை தரையில் பட்டுத் தெறித்துக் கோணலாகும். கடைசி நூறு அடியில் மூக்கைத் தூக்கிச் சக்கரத்தை மெல்லத் தொட வைக்கும் வேலை விமானியின் கண்ணுக்குத்தான். அந்த நூறு அடியைக் கடக்க முனைந்த நாடு பிரிட்டன். லண்டனின் மூடுபனி ஊரறிந்தது. 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகையும் பனியும் சேர்ந்து ஐந்து நாள் நகரத்தை அமுக்கியதில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி இறந்தார்கள். 1956-இல் தூய காற்றுச் சட்டமே வந்தது. அங்கே குளிர்காலம் முழுக்கப் போகி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கென்றே 1945-இல் ஓர் ஆய்வுப் பிரிவை அமைத்திருந்தார்கள். அவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் பிரமிப்பானது: தானியங்கித் தரையிறக்கத்தில் ஒரு கோடிக்கு ஒன்றுக்கு மேல் உயிர்ச்சேதம் தரும் தவறு நேரக் கூடாது. கடைசி உயரத்தை அளக்க, தரைக்கு வானொலி அலையை அனுப்பி எதிரொலியை வாங்கும் உயரமானியை வைத்தார்கள். விமானத்தை ஓட்டும் தானியங்கியையோ மூன்றாக வைத்தார்கள். ஏன் மூன்று? ஒரு மாணவன் கணக்குப் போட்டால் தப்பா சரியா தெரியாது. இரண்டு பேர் போட்டு விடை வேறுபட்டால் யாரோ ஒருவன் தப்பு என்று தெரியும். யார் என்று தெரியாது. மூன்று பேர் போட்டால், இருவர் விடை ஒத்துப்போக, தனித்து நிற்பவனை உட்கார வைத்துவிடலாம். ஒன்று கெட்டாலும் மீதி இரண்டும் வேலையை முடிக்கும்.

10 ஜூன் 1965. பாரிஸிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்குப் பயணிகளோடு வந்த டிரைடன்ட் விமானம், கடைசி மூக்குத் தூக்கலைத் தானாகவே செய்து தரை தொட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் கெட்டியான மூடுபனியில் ஒரு டிரைடன்ட் ஹீத்ரோவில் தானாக இறங்கிக் காட்டியது. இப்படி இறங்கக் கற்றபின் வந்த சிக்கல் வேடிக்கையானது. இறங்கிய விமானம் ஓடுபாதையிலிருந்து நிலையத்துக்குப் போக வழி தெரிய வேண்டுமே! தீயணைப்பு வண்டிக்கும் விமானம் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டுமே! அதற்குத் தனியாக விளக்குகளும் தரை ரேடாரும் தேவைப்பட்டன.

இப்போது என் 17 வயதுக்கு வருகிறேன்.

1973 மே 31. நான் பி.யூ.சி. முடித்த கோடை. என் அப்பா சிங்காநல்லூரில் மில் தொழிலாளி, தொழிற்சங்கத்துக்காரர். அன்று சென்னையிலிருந்து டெல்லிக்குப் போன இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737 பாலம் விமான நிலையத்தை நெருங்கும்போது விழுந்தது. 65 பேரில் 48 பேர் இறந்தார்கள். மத்திய உருக்கு அமைச்சர் மோகன் குமாரமங்கலம் அதில் இருந்தார். எங்கள் கோவைத் தொகுதி எம்.பி., இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே. பாலதண்டாயுதமும் இருந்தார். இருவரும் இறந்தார்கள். காலியான கோவைத் தொகுதியில் அடுத்த ஆண்டு ஜெயித்து நாடாளுமன்றம் போனவர் பார்வதி கிருஷ்ணன். மோகன் குமாரமங்கலத்தின் சொந்தத் தங்கை. அண்ணனோடு ஒரே விமானத்தில் இறந்தவரின் இடத்துக்குத் தங்கை போனார்.

ரேடியோவில் செய்தி கேட்ட அப்பா சாப்பிடாமல் எழுந்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அத்தன தூரம் பறந்து போயி, ஊட்டு வாசல்ல போயா உழுகோணும்?" அன்று யாரிடமும் அதற்குப் பதில் இல்லை.

இப்போது எனக்குத் தெரிகிறது. டெல்லியில் அன்று மோசமான வானிலை. பார்வைத் தூரம் அனுமதித்த அளவுக்குக் கீழே இருந்தது. விமானம் ஐ.எல்.எஸ். வழியில் வரவில்லை, என்.டி.பி. என்ற பழைய வானொலிக் கம்பத்தை வைத்து வந்தது. அந்தக் கம்பம் எல்லாத் திசையிலும் அலையை அனுப்பும். விமானத்தில் உள்ள முள் கம்பம் இருக்கும் பக்கம் திரும்பி நிற்கும். அவ்வளவுதான். திசை சொல்லும், சரிவைச் சொல்லாது. அதனால்தான் அந்த முறையில் வரும் விமானிக்கு ஒரு குறைந்தபட்ச உயரம் விதித்திருப்பார்கள்: ஓடுபாதை கண்ணில் படும் வரை அதற்குக் கீழே வரக் கூடாது. அன்று விமானம் அதற்குக் கீழே வந்து உயர் அழுத்த மின்கம்பிகளில் மோதியது.

லண்டனில் டிரைடன்ட் மூடுபனியில் தானாக இறங்கி ஏறத்தாழ ஏழு வருடம் ஆகியிருந்தது. தொழில்நுட்பம் உலகத்தில் இருப்பது வேறு, அது நம் ஓடுபாதைக்கு வந்து சேர்வது வேறு.

ஆனால் கருவி இல்லாதது மட்டுமா காரணம்? இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். கருவி எவ்வளவு நல்லதானாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையில் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதிவைத்ததுதான் இந்த வரலாற்றின் இரண்டாம் பாதி. சாதாரண ஐ.எல்.எஸ். முறையை முதல் வகை என்கிறார்கள். அதில் 200 அடி, அதாவது 60 மீட்டர் உயரம் வரை முட்களை நம்பி வரலாம். ஓடுபாதையில் பார்வைத் தூரம் 550 மீட்டராவது இருக்க வேண்டும். அந்த 200 அடிக்கு முடிவெடுக்கும் உயரம் என்று பெயர். அங்கே ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் உடனே மேலே ஏற வேண்டும். "இன்னும் பத்தடி பார்ப்போமே" என்பதற்கு இடமில்லை.

ஒரு கணக்குப் போடுங்கள். மணிக்கு 260 கிலோமீட்டர் வேகம், 3 டிகிரிச் சரிவு. 60 மீட்டர் உயரத்திலிருந்து தரை தொட சுமார் 16 விநாடி. 16 விநாடிக்குள் யோசித்து முடிவெடுக்க முடியாது. அதனால்தான் முடிவை வீட்டுப்பாடம் மாதிரி முன்பே எடுத்துவைத்துவிடுகிறார்கள். அங்கே நிறைவேற்றுவது மட்டும்தான்.

இரண்டாம் வகையில் அந்த உயரம் 100 அடி. மூன்றாம் வகையில் அதற்கும் கீழே; அதன் உச்சத்தில் ஓடுபாதையில் 50 மீட்டர் தெரிந்தாலே போதும், தானியங்கி இறக்கிவிடும். டெல்லியில் இன்று இந்த மூன்றாம் வகை இருக்கிறது. அந்தப் பார்வைத் தூரத்தை அளக்க நம் பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகம் 'திருஷ்டி' என்ற கருவியைச் செய்திருக்கிறது. ஒரு விளக்கின் ஒளி குறிப்பிட்ட தூரம் போவதற்குள் எவ்வளவு குறைகிறது என்று பார்த்துச் சொல்லும். ககன் என்ற நம் செயற்கைக்கோள் வழிகாட்டியை வைத்து 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் ஒரு விமானம் இறங்கியும் காட்டிவிட்டது. ஆனால் ஓடுபாதைக் கருவி, விமானக் கருவி, விமானியின் பயிற்சி மூன்றும் ஒரே வகைக்குத் தேறியிருந்தால்தான் அந்த வகையில் இறங்கலாம். ஒன்று குறைந்தால் கீழ் வகைதான். டெல்லிப் பனியில் கிளம்ப முடிந்தது சென்னைப் புகையில் இறங்க ஏன் முடியவில்லை என்று நான் கத்தியதற்கு இதுவே பதில். கிளம்புவது வேறு, இறங்குவது வேறு. அந்த ஊர் ஏற்பாடு வேறு, இந்த ஊர் ஏற்பாடு வேறு.

2018 போகியன்று அந்த விமானி என்ன செய்தார்? ஓடுபாதை தெரியவில்லை. பின்னால் நூற்றுக்கு மேற்பட்டோர் பொங்கலுக்கு ஊர் வந்து சேரும் அவசரத்தில் இருந்தார்கள். கீழே என்னைப் போல எத்தனையோ பேர் அவரைத் திட்டக் காத்திருந்தோம். அவர் விதித்த எல்லைக்குள் நின்று, திரும்பிப் போய்விட்டார். என் மகளும் பேரனும் இரண்டு ஊர் பார்த்துவிட்டு மாலையில் வீடு வந்தார்கள். பெயர் தெரியாத அந்த மனிதரிடம் இந்தப் பதிவின் மூலம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா இன்று இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். "வாசல் தெரியாதபோது வாசலுக்கு வரக் கூடாதுங்கப்பா. திரும்பிப் போகோணும். அதைக் கத்துக்க உலகத்துக்கு இத்தனை வருசமாச்சு."

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். போகிக்குப் பழையன கழியட்டும். கிழிந்த பாயையும் டயரையும் கொளுத்த வேண்டாம். குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள். விடியற்காலை உங்கள் தெருவுக்கு மேலே யாரோ ஒருவர் 200 அடி உயரத்தில், ஓடுபாதை தெரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் உங்கள் பேரப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கலாம்.

விமானப் படையிலோ விமான நிலையத்திலோ வேலை பார்க்கும் என் பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் எங்கேயாவது தவறியிருந்தால் கருத்துப் பகுதியில் திருத்துங்கள். வாத்தியாரைத் திருத்தும் வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது.